பூசணிக்காய் மேல் போட்ட பழி

எங்கள் அச்சுக்கடையில் அம்மாவுக்கென்று இருந்தவை இரண்டு மணல் வாளிகள்தான். மற்றதெல்லாம் அப்பாவும் சித்தப்பாவும் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை. அரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், கல்நார்த் தகடு வேய்ந்த நீளமான அறைதான் கடை. கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தேங்காயும் வெற்றிலையும் போட்டுக் கொடுக்கிற தாம்பூலப் பைகளில் மணமக்கள் பெயரை அச்சடிப்பது எங்கள் தொழில். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணி வழியாக மையைத் தேய்த்தால் கீழே பையில் எழுத்து விழும். மையை இளக்கவும் சட்டத்தைக் கழுவவும் பெட்ரோல் மாதிரிச் சட்டென்று பற்றிக்கொள்கிற தின்னர் வேண்டும். கடைக்குள் எந்நேரமும் அந்த வாடைதான். எங்கள் மூக்குக்கு அது பழகிப்போய், வாடை என்று ஒன்று இருப்பதே தெரியாது.

அம்மா மூக்கு மட்டும் பழகவில்லை. அவள் பிறந்து வளர்ந்தது தொப்பூர் கணவாய் ஓரம். சின்ன வயதில் அங்கே ஒரு லாரி கவிழ்ந்து, சாலையில் ஓடிய எண்ணெயில் தீப்பிடித்ததைப் பார்த்தவள். உதவிக்கு ஓடிவந்தவர்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற, அந்தத் தண்ணீர் மேலேயே மிதந்துகொண்டு நெருப்பு பக்கத்து டீக்கடை வரைக்கும் வந்துவிட்டதாம். அதனால் கடை திறந்த அன்றே இரண்டு பெயின்ட் வாளி நிறைய மணலை அள்ளிக் கடை வாசலில் வைத்துவிட்டாள். பை வாங்க வருகிறவர்கள் அப்பாவிடம், "என்னங்க, மணல் யாவாரமும் பண்றீங்களா?" என்று கேட்பார்கள். அப்பா அசட்டுச் சிரிப்பு சிரித்து வைப்பார்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது வந்த ஆயுத பூஜை அது. சித்தப்பாவுக்குப் பாலக்கோட்டில் பெண் நிச்சயமாகி, ஐப்பசியில் முகூர்த்தம் வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் பூஜையன்று கடையைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை என்ன தொழில் செய்கிறார் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டுமாம். நியாயம்தான். ஆனால் அன்று காலையிலிருந்து சித்தப்பா பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் எவருக்கும் இரக்கம் வந்திருக்கும்.

தன் கல்யாணத்துக்கான பைகளைத் தன் கையாலேயே அச்சடித்து, அறை நெடுக்கக் கயிறு கட்டிக் காயப் போட்டிருந்தார். எல்லாப் பையிலும் அவர் பெயரும் வரப்போகிற சித்தியின் பெயரும் பக்கத்துப் பக்கத்தில். அதற்குக் கீழே தரை மட்டும் படு கேவலமாக இருந்தது. பல வருஷத்து மைத்துளிகள் காய்ந்து கிடந்தன. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தார், போகவில்லை. கடைசியில் தின்னர் கேனைச் சாய்த்து வேஸ்ட் துணியால் ஒரு துடை துடைத்தார். சிமெண்டுத் தரை பளிச்சென்று ஆனது. உலகத்திலேயே கெட்டிக்காரர் என் சித்தப்பாதான் என்று நினைத்துக்கொண்டேன். விருந்தாளிகள் பஸ்ஸை விட்டு இறங்கியாகிவிட்டது என்று போன் வந்ததும், மேஜைக்கு அடியில் விட்டுப்போன மூலையில் இன்னும் கொஞ்சம் ஊற்றித் துடைத்து, ஊறிப்போன துணிகளை அங்கேயே சுருட்டித் தள்ளிவிட்டு, முகம் கழுவ ஓடினார்.

அப்பா தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். "சம்மந்திங்க வர்ற நேரத்துல இது எதுக்கு வாசல்ல?" என்று முனகிக்கொண்டே மணல் வாளிகளைத் தூக்கிப் பின்கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். முந்தின மாதம்தான் எங்களைத் தீர்த்தமலைக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். அந்த மலையை நானே கட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. கட்டுவதற்கு மணல் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தேன். அப்பா கொண்டுவந்து வைத்த வாளிகளில் ஒன்றைக் கொல்லைப்புறத்து முருங்கை மரத்தடியில் கவிழ்த்து, மலை கட்டி, பாட்டில் மூடிகளில் தண்ணீர் ஊற்றித் தீர்த்தங்களும் வைத்துவிட்டேன். காலி வாளியை இருந்த இடத்திலேயே நல்லபிள்ளையாக வைத்தேன்.

விருந்தாளிகள் வந்தார்கள். பெண்ணின் அப்பா லாரி ஓட்டுபவர். அதிகம் பேசமாட்டார். அவர் மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினார். அம்மா சுண்டல் பாத்திரத்தோடு வந்தவள், வாசலில் கால் வைத்ததும் ஒரு நொடி நின்றாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து பாத்திரத்தைச் சட்டங்களுக்குப் பக்கத்தில் இறக்கிவைத்தாள்.

சட்டங்களுக்கும் மை டப்பாக்களுக்கும் சந்தனப் பொட்டு வைத்தாயிற்று. கடைசியாகத் திருஷ்டி கழிக்க வேண்டும். குங்குமம் நிரப்பிய பூசணிக்காயின் மேல் அப்பா கற்பூரத்தைக் கொளுத்தினார். வழக்கமாக வாசலில் நின்று சுற்றிவிட்டுத் தெருவில் உடைப்பார். அன்று சம்பந்திகள் பார்க்கிறார்கள் என்ற உற்சாகத்தில் கடைக்கு நடுவில் நின்று, பெரிய பெரிய வட்டமாகச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் ஒரு கற்பூரக் கட்டி நழுவி விழுந்து, எரிந்துகொண்டே மேஜைக்கு அடியில் உருண்டது.

குப்பென்று ஒரு சத்தம். தரையில் நீலமாக ஏதோ ஓடியது. அடுத்த மூச்சில் துணிச் சுருள் எரிந்தது. மேலே வரிசையாகச் சித்தப்பாவின் கல்யாணப் பைகள். மேஜை ஓரத்தில் தின்னர் கேன்.

பூஜைக்குக் கரைத்துவைத்திருந்த மஞ்சள் தண்ணீர் வாளியைச் சித்தப்பா தூக்கினார்.

"தம்பி, தண்ணி ஊத்தாத!" என்று அம்மா கத்தினாள். அதற்குள் பாதி ஊற்றிவிட்டார். நெருப்பு தண்ணீரோடு வழுக்கிக்கொண்டு பைகள் தொங்கும் பக்கம் போனது. அவர் குனிந்த இடத்தில் ஒரு கீற்று எழும்பி அவருடைய இடது புருவத்தை எடுத்துக்கொண்டது.

"எல்லாரும் வெளிய போங்க! ஏங்க, கேன மூடிப் பின்பக்கமா எடுத்துட்டு ஓடுங்க! வாளி எங்க? யாரு எடுத்தது என் வாளிய?"

அம்மா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா மறுபேச்சு இல்லாமல் கேனை அணைத்துக்கொண்டு ஓடினார். போகிறபோதே, "கதவுக்குப் பின்னால" என்று குரல் கொடுத்தார். லாரிக்காரர் தன் மனைவியை வெளியே தள்ளிவிட்டு, வாசல் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினார். பிறகு தானாகவே ஒரு கோணிப்பையை எடுத்து வாசல் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். அம்மா முதல் வாளியை நெருப்பு ஓடுகிற வழியில் அணை கட்டுகிற மாதிரி கொட்டினாள். இரண்டாவது வாளியைத் தூக்கினாள். அது சுலபமாக மேலே வந்துவிட்டது.

அம்மா வாளிக்குள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் ஓடினேன். தீர்த்தமலையை இரண்டு கையாலும் இடித்து, புதுப் பட்டுப்பாவாடையில் அள்ளிக்கொண்டு பின்கதவுக்கு வந்தேன். அம்மா என்னை உள்ளே விடவில்லை. "அங்கயே நில்லு!" என்று பாவாடையிலிருந்தே மணலை வாங்கி வாங்கிக் கொட்டினாள். மூன்று நடை. மூன்றாவது நடையில் பாட்டில் மூடிகளும் சேர்ந்து வந்தன. லாரிக்காரர் ஈரக் கோணியைத் துணிச் சுருள் மேல் போர்த்தி அமுக்கினார். புகை வந்தது, குறைந்தது, நின்றது.

அப்பா கூப்பிட்டிருந்த தீயணைப்பு வண்டி வந்தபோது எரிவதற்கு எதுவும் இல்லை. வந்தவர்கள் கோணியை விலக்கி, உள்ளே கனல் இருக்கிறதா என்று கிளறிப் பார்த்தார்கள். தின்னர் துணியை மூடி போட்ட டின்னில்தான் போட வேண்டும் என்றார்கள். மணலைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அம்மா நீட்டிய பொரியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அதன்பிறகுதான் பயமான நேரம். மேஜைக்கால் கருகியிருந்தது. ஏழெட்டுப் பைகளில் வரப்போகிற சித்தியின் பெயர் பாதி தீய்ந்திருந்தது. பெண்ணின் அம்மா அந்தப் பைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். சித்தப்பா ஒற்றைப் புருவத்தோடு சுவரில் சாய்ந்திருந்தார். கல்யாணம் நின்றுவிடும் என்று எனக்கே தெரிந்தது.

"என்னங்க இது, நல்ல நாளும் அதுவுமா..." என்று பெண்ணின் அம்மா ஆரம்பித்தார்.

"கற்பூரம் வழுக்கிருச்சுங்க. பூசணிக்கா சரியில்ல, மேல மட்டமாவே இல்ல" என்றார் அப்பா.

"ஆமாங்க, பூசணிக்காதான்" என்றார் சித்தப்பா.

லாரிக்காரர் கைக்கரியை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அன்று அவர் பேசியது இவ்வளவுதான்: "நானும் எத்தனையோ ரோட்டுல எத்தனையோ தீயப் பாத்துட்டேன். தண்ணி ஊத்தாதன்னு சொல்ற ஆள ஒரு எடத்துலயும் பாக்கல. இந்தம்மா இருக்கற வூட்டுல எம் பொண்ணு பத்தரமா இருப்பா."

அவர் மனைவி தீய்ந்த பைகளிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, "இருந்த திருஷ்டி எல்லாம் இதோட எரிஞ்சு போச்சுன்னு வச்சுக்கலாம்" என்றார். எங்கள் எல்லோருக்கும் உயிர் திரும்பி வந்தது. "இந்தப் புள்ளயப் பாருங்க, பட்டுப்பாவாடைய யோசிக்காம மண்ண அள்ளியாந்துச்சு" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். திருடிய மணலைத் திருப்பிக் கொடுத்ததற்குக் கிடைத்த பாராட்டு அது. கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. போட்டோவில் சித்தப்பாவின் ஒரு புருவம் மையால் வரைந்தது. அடுத்த ஆயுத பூஜைக்கு அப்பா மணல் வாளிகளைக் கழுவி, முதல் சந்தனப் பொட்டை அவற்றுக்கு வைத்தார். கற்பூரத்தை நடுத்தெருவில் ஏற்றினார். வாளிக்குப் பொட்டா என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

போன மாதம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "அன்னிக்கு வாசல்ல கால் வெக்கறப்பவே வாடை தூக்கிச்சு. எப்பவும் இருக்கறதவிட ஜாஸ்தி. ஒரு வார்த்த சொல்லியிருந்தா கற்பூரத்த வெளிய ஏத்தியிருப்பாங்க. சம்மந்திங்க முன்னாடி உங்கப்பா மொகம் சுண்டிப்போகுமேன்னு வாய மூடிக்கிட்டேன். அப்புறம் நான் யாரத் திட்டறது?"

தீப்பிடித்த அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. தின்னர் ஊற்றியவரை வாளியை ஒளித்தவர் திட்டவில்லை. அவரை அம்மா திட்டவில்லை. நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பூசணிக்காயை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். பூஜை நாள், அதனால்தான் இவ்வளவு அமைதி என்று நினைத்தேன். தப்பு செய்தவள் நான் ஒருத்திதான், அதிலும் நைசாகத் தப்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு கிண்ணம் சுண்டல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.