கோணிப்போன மாமரச் சட்டி

"…மரத்தையும் வெட்டிப்புட்டு, அதுலயே ஒரு சட்டியக் கடைஞ்சு கொண்டாந்து வச்சா எல்லாம் சரியாப் போச்சான்னு அவியகிட்டக் கேளுங்க மதினி" என்று என் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள் அத்தை. 'அவிய' என்றது அவளுடைய அண்ணனை, அதாவது கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த என் அப்பாவை.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற அந்த மாமரம், பாவாடை கட்டிய வயதில் அத்தை தின்றுபோட்ட கொட்டையிலிருந்து முளைத்தது. எண்பதுகளின் கடைசியில், பேண்டேஜ் துணிக்கு இரண்டு தறி போட இடம் வேண்டும் என்று அப்பா அதை வெட்டினார். அத்தை மில்லுக்கு வேலைக்குப் போன நேரம் பார்த்து வெட்டியதுதான் அவளுக்கு ஆறவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. எங்கள் பக்கம் ஒரே வீட்டுக்குள் 'பேச்சு விட்டுப்போனால்' யாரும் வாயை மூடிக்கொள்வதில்லை. நடுவில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு இரண்டு மடங்கு பேசுவார்கள். "ரேஷன்ல சீனி போடுறாகளாம், சொல்லுங்க மதினி" என்பாள் அத்தை. "காதுல விழுந்துச்சுன்னு சொல்லு" என்பார் அப்பா. "ரெண்டு பேருமாச் சேந்து எனக்கு ஒரு சம்பளம் போட்டுக் குடுங்க" என்பாள் அம்மா.

சமாதானத்துக்கு அப்பா கண்டுபிடித்த வழிதான் சட்டி. அடிமரத்தில் ஒரு துண்டைச் சைக்கிளில் கட்டி, என்னையும் முன்னால் உட்காரவைத்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டில் காலும் பம்பரமும் கடைகிற பட்டறைக்குப் போனார். மோட்டாரில் கட்டை சுழல, உளி பட்ட இடத்திலிருந்து ஈரச் சீவலோடு தண்ணீரும் தெறித்து அப்பாவின் சட்டையை நனைத்தது. "பச்சை மரமும் புதுச் சம்பந்தியும் ஒண்ணு அண்ணாச்சி, எடுத்த எடுப்புல ரொம்ப நெருங்கக் கூடாது. இப்போ தடிமனா விட்டுக் கடைஞ்சு தாரேன். மரத்தூளுக்குள்ள போட்டு வைங்க. நல்லாக் காஞ்ச பொறவு கொண்டாங்க, நைசா முடிச்சிருவோம்" என்றார் கடைசல்காரர்.

"அம்புட்டு நாளைக்கு அந்த வீட்டுல எவன் இருக்கது? இன்னைக்கே முடிச்சிரும்" என்றார் அப்பா.

வட்டம் பிசகாமல், மெல்லிசாக வந்த சட்டியை, ஈரம் சீக்கிரம் போகட்டும் என்று மொட்டைமாடியில் வத்தலோடு வத்தலாக வெயிலில் வைத்தார். வத்தல் காய்வதற்குள் சட்டி கோணி முட்டை வடிவமாகிவிட்டது. விளிம்பிலிருந்து அடிவரை ஒரு விரிசல் வேறு. வேறு வழியில்லாமல் அதையேதான் அத்தை முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

அந்தத் தறிகள் எப்போதோ விலைக்குப் போய்விட்டன. மரம் நின்ற இடத்தில் இப்போது என் தம்பியின் கார் நிற்கிறது. சட்டியையும் கரையான் கொண்டுபோயிற்று.

அன்றைக்கு அத்தை அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, விரிசல் வழியாக அண்ணனைச் செத்த நேரம் பார்த்தாள். அரிசி புடைக்கிற சொளகில் ஓட்டை விழுந்தால் வெந்தயத்தையும் காகிதத்தையும் ஊறவைத்து அரைத்துப் பூசி அடைப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். அவள் அடுப்படிக்குப் போய் ஒரு கை வெந்தயத்தை ஊறப்போட்டுவிட்டு வந்தாள். பழைய செய்தித்தாள் கட்டு அப்பாவின் காலுக்கடியில் கிடந்தது.

"கால எடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, குனிந்து அதிலிருந்து ஒரு தாளை உருவினாள்.