சிவப்புக் கோடு போட்ட அட்டை

இங்கிலாந்தில் பேரோ என்ற ஊரில் லோர்னா டைசன் பதினாறு வருடம் முடி வெட்டினாள். அவள் நாற்காலியில் உட்காரும் பெண்களில் பாதிப் பேருக்குப் புருஷனோ மகனோ நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் யார்டில் இருந்தார்கள். கேட்டுக் கேட்டு அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. கடை மூடிய பிறகு உட்கார்ந்து ஆறு வருடம் தபாலில் படித்தாள். முப்பத்தேழு வயதில் இன்ஜினியர் பட்டம் வாங்கினாள். யார்டு அவளைப் பயிற்சி இன்ஜினியராக எடுத்துக்கொண்டது.

கடையில் கடைசி நாளன்று ஹில்டா என்ற வாடிக்கைக்காரி கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சொன்னாள்: "முடி கோணலாப் போனா ரெண்டு வாரத்துல வளந்துரும் கண்ணு. கப்பல் வளராது, பாத்துக்கோ."

யார்டில் லோர்னாவோடு சேர்ந்த மற்றவர்களுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. எல்லோருக்கும் அரசாங்கத்தின் பாதுகாப்புச் சோதனை முடிந்து நீல அட்டை வந்தது. லோர்னாவுக்கு மட்டும் வரவில்லை. அவள் கழுத்தில் சிவப்புக் கோடு போட்ட அட்டை தொங்கியது. அந்த அட்டைக்காரர்கள் தனியாக நடக்கக் கூடாது, வரைபடம் எதையும் பார்க்கக் கூடாது. வாசலோர அறையில் உட்கார்ந்து, படித்த பாதுகாப்பு விதிகளையே மறுபடி படித்தாள். கழிப்பறைக்குப் போவதென்றாலும் நீல அட்டைக்காரியான பிப்பா என்ற பெண் கூடவே வந்து வெளியே நிற்க வேண்டும்.

"தண்ணி கொஞ்சமா குடிங்க லோர்னா. எனக்கும் வேலை இருக்குல்ல" என்று பிப்பா சிரிப்பாள். லோர்னாவும் சிரிப்பாள். பிறகு உண்மையிலேயே தேநீரைக் குறைத்துக்கொண்டாள்.

டிசம்பர் முடிவதற்குள் நீல அட்டை வராவிட்டால் இடம் போய்விடும் என்று மேலாளர் வருத்தத்தோடு சொல்லியிருந்தார். கடையில் அவள் நாற்காலியில் இப்போது வேறொரு பெண்.

நவம்பரில் சோதனை அதிகாரி ஒருவர் வந்தார். மெலிந்த மனிதர், பேச்சு மரியாதையாக இருந்தது. அவள் எழுதிக் கொடுத்த படிவத்தில் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"அப்பா இறந்துட்டார்னு போட்டிருக்கீங்க. எப்போ?"

"தொண்ணூத்திரண்டுல. கடல்ல. எனக்கு ஆறு வயசு."

"யார் சொன்னாங்க?"

"அம்மா."

அவர் அந்தக் கட்டத்தை மட்டும் விசாரித்துத் திரும்ப எழுதித் தரச் சொன்னார்.

"அவர் உயிரோட இருக்காரா?"

"அத நான் சொல்லக் கூடாதுங்க" என்றார். ஃபைலை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவள் பாலத்தைத் தாண்டி வால்னித் தீவில் அம்மா வீட்டுக்குப் போனாள். அம்மா கிளெண்டா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். மகள் சொன்னதைக் கேட்டும் அவள் கை நிற்கவில்லை.

"எனக்கு அவன் செத்தவன்தான்" என்றாள்.

"'எனக்கு மட்டும் செத்தவர்'னு எழுதப் படிவத்துல ஒரு கட்டம் இல்லம்மா."

மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. அப்பா யார்டில் வெல்டர். ஆயிரக்கணக்கானவர்களை யார்டு வீட்டுக்கு அனுப்பிய காலத்தில் அவருக்கும் வேலை போனது. வேலை தேடித் தெற்கே போனவர் திரும்பவில்லை. எங்கே இருக்கிறார் என்று அம்மாவுக்கும் தெரியாது. பிறந்த தேதி மட்டும் நினைவிருந்தது.

"செத்தவனுக்கு ஒரு கல்லறை இருக்கணுமே, அது எங்கன்னு ஒரு நாளாச்சும் கேட்டியாடி?" என்றாள் அம்மா. லோர்னா கேட்டதில்லைதான்.

மறுநாள் கட்டத்தில் எழுதினாள்: உயிரோடு இருக்கலாம். முகவரி தெரியாது. கணக்குப் பாடத்தில் அப்படி எழுதியிருந்தால் பூஜ்யம்தான் கிடைத்திருக்கும். அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. சோதனை அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே வாக்கியம்தான்.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி வாசல் காவலர் அவள் அட்டையை வாங்கிக்கொண்டு நீல அட்டையை நீட்டினார். பிப்பா கட்டிக்கொண்டாள். "இனிமே எவ்வளவு வேணாலும் குடிங்க."

மதியம் லோர்னா அந்தத் தொலைபேசி எண்ணை மறுபடி கூப்பிட்டாள். அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்துச் சோதித்துப் பார்த்துத்தானே அட்டை கொடுத்திருப்பீர்கள், அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றாவது சொல்ல முடியுமா என்று கேட்டாள். எதிர்முனையில் இருந்த பெண் அன்பாகத்தான் பேசினாள். "உங்க விஷயம் நல்லபடியா முடிஞ்சிருச்சும்மா. மத்தவங்க விவரம் உங்களுக்குத் தர முடியாது" என்றாள்.

லோர்னா எழுந்து தனியாகக் கழிப்பறைக்குக் கிளம்பினாள். மூன்று மாதமாகப் பிப்பாவோடு பேசிக்கொண்டே நடந்ததில் வழியைக் கவனிக்கவே இல்லை. இரண்டாவது திருப்பத்தில் நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சாம்பல் நிறக் கதவுகள். அவளுடைய அட்டைக்கு இப்போது எல்லாமே திறக்கும். எதைத் திறப்பது என்று தெரியாமல், யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.