இரவல் பன்றி

நேற்று உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே இன்றும் உட்கார்ந்து, நேற்றுச் செய்த வேலையையே இன்றும் செய்துகொண்டு, ஒரு பெண் தூங்கி எழுவதற்குள் பணக்காரியாகவும் மறுபடி தூங்கி எழுவதற்குள் ஏழையாகவும் ஆக முடியுமா? முடியும் என்பதற்கு ஓத்தோன் என்ற சிற்றூரில் நெலிதா சுமகைசாயின் வாழ்க்கை சாட்சி. அது எப்படி நியாயம் என்று கேட்டால்தான் யாரிடமும் பதில் கிடையாது.

அவள் கணவன் ரெனான்டேவுக்கு இந்தக் கேள்வி பல நாளாகத் தொண்டையில் முள்ளாக நின்றது. அவன் ட்ரைசிக்கிள் ஓட்டுகிறவன். மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் தகரக் கூண்டு கட்டி, உள்ளே நாலு பேரைத் திணித்து, பின்னால் இரண்டு பேரைத் தொங்கவிட்டுச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பான். ஆளுக்குப் பதினைந்து பெசோ. மழை வந்தால் இருபது. மழைக்காக ஐந்து பெசோ கூடக் கொடுத்தவர்கள் வெயிலடித்ததும் அதைத் திருப்பிக் கேட்டதில்லை. அவன் அறிந்த பொருளாதாரம் அவ்வளவுதான், அது அவனைக் கைவிட்டதும் இல்லை.

நெலிதாவின் பொருளாதாரம் வேறு. மீன் விற்ற தாய்க்குப் பிறந்து, வணிகவியல் படித்து, இலோய்லோ நகரத்துப் பெரிய கடையொன்றில் செருப்புப் பிரிவில் சேர்ந்தாள். ஆறு மாதம் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே அந்தக் கடையில் யாருக்கும் ஆறாவது மாதம் வந்ததில்லை. ஐந்தாம் மாதக் கடைசியில் கேக் வெட்டிக் கண்ணீரோடு வழியனுப்புவார்கள். சில வாரம் கழித்து அவளே புதியவளாக வந்து சேருவாள், செருப்பு விற்பது எப்படி என்று பயிற்சி கொடுப்பார்கள். ஏழு வருஷம் ஒரே கடையில் வேலை பார்த்தும் ஆறு மாத அனுபவம் இல்லாதவளாகவே அவள் வெளியே வந்தாள்.

பிறகுதான் பெர்த் நகரத்து நீச்சல்குளக் கம்பெனி வந்தது. ஆஸ்திரேலியர்களின் குளங்களைச் சுத்தம் செய்ய ஆள் அனுப்பும் கம்பெனி. பெர்த்திலும் ஓத்தோனிலும் கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்டும். இரண்டு ஊருக்கும் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான். காலையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, காதில் ஹெட்செட் மாட்டி, "நெல்லி பேசுகிறேன்" என்று ஆரம்பித்தால், பாசி பிடித்த குளங்களின் துயரக் கதைகளைச் சாயங்காலம் வரை கேட்பாள். முதலாளி பெயர் கிரான்ட். அவர் தன் ஆட்களைக் குடும்பம் என்றுதான் அழைப்பார். ஒப்பந்தத்தில் மட்டும் அவர்கள் சுயேச்சையான ஒப்பந்ததாரர்கள். குடும்பத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைய சம்பளம் கிடையாது. ஊரில் எல்லாருக்கும் கிறிஸ்துமஸுக்கு வரும் பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் கிடையாது. மணிக்கு எட்டு ஆஸ்திரேலிய டாலர் உண்டு. அது ஓத்தோனில் மரியாதையான தொகை. மகள் ஷைரா மே நகரத்தில் நர்சிங் படித்தது அதில்தான்.

எட்டு டாலர் எட்டு டாலராகவே இருந்தது. பெசோதான் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஒரு வருஷம் டாலர் நாற்பது பெசோவிலிருந்து முப்பத்தைந்துக்கு இறங்கியது. நெலிதா தயங்கித் தயங்கி அதைச் சொன்னபோது, கிரான்ட் திரையில் அன்போடு சிரித்தார்.

"அது வானிலை மாதிரி நெல்லி. மழை பெய்யுதுன்னு என்கிட்ட சொன்னா நான் என்ன பண்ணட்டும்?"

அந்தப் பதிலில் ரெனான்டே குற்றம் காணவில்லை. மழையை அவனும் அறிவான்.

அடுத்த வருஷம் டாலர் திரும்பவும் நாற்பதுக்கு ஏறியது. வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஓத்தோனில் பேங்க்காரர்களைவிட டாலரைக் கவனமாகப் பார்ப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். அந்த ஊரில் மனாங் என்றால் அக்கா, மனோங் என்றால் அண்ணன், தோதோ என்றால் தம்பி. எதிர்வீட்டு மனாங் பெபெங், தேவாலயத் திருவிழாக் கமிட்டியின் தலைவி, கூண்டில் ஏறி உட்கார்ந்ததுமே ஆரம்பித்தாள்.

"தோதோ, உன் பெண்டாட்டி டாலர் ஏறிடுச்சாமே! ரேடியோல சொன்னான்."

"ரேடியோல சொன்னது அமெரிக்கா டாலர் மனாங். எங்களது ஆஸ்திரேலியா."

"நாட்டுக்கோழி, பண்ணைக்கோழின்னு உயிரோட இருக்கறப்பதான்டா வித்தியாசம். குழம்புல எல்லாம் ஒண்ணுதான். எப்ப விருந்து?"

"டாலர் இறங்கினப்ப நீங்க ஒரு வாய்க் காப்பி குடுத்தீங்களா?"

"இறங்கினதை எவன்டா ரேடியோல கேக்கறான்?"

விருந்துக்கான காரணம் தானாகவே வந்து சேர்ந்தது. கிரான்ட் தன் மனைவியோடு போராக்காய்க் கடற்கரைக்கு விடுமுறை போகிறாராம். வழியில் ஒருநாள் ஓத்தோனில் இறங்கி, குடும்பத்தைப் பார்த்து, எளிமையாக ஒரு மதியச் சாப்பாடு சாப்பிடுவாராம்.

எளிமையாக என்ற சொல்தான் ரெனான்டேவைக் கதிகலங்க வைத்தது. அந்தத் தெருவில் விருந்தாளிக்கு எளிமையாகப் போட்டவர் என்று யார் பெயரும் கிடையாது. போட்டிருந்தால் அவர் அப்புறம் அங்கே குடியிருந்திருக்க முடியாது. தேதியோ ஊர்த் தேவாலயத்தின் சான் விசென்டே திருவிழாவுக்கு முதல்நாள். அவன் வீடுவீடாக இரவல் கேட்கக் கிளம்பிவிட்டான். மனாங் பெபெங் வீட்டு சோபா வந்தது. தேவாலயத்துப் பீங்கான் தட்டுகள் வந்தன. அதே கம்பெனியில், அதே குளங்களுக்காக, இரண்டு வீடு தள்ளி வாடகை அறையில் வேலை பார்க்கும் ஜோவி, தவணையில் வாங்கிய பெரிய மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பத்திரம் மனோங். இன்னும் நாலு தவணை பாக்கி. உடைஞ்சா அந்த நாலும் உங்க தலையிலதான்."

கடைசியாகப் பன்றி. முழுப் பன்றியைக் கம்பியில் கோத்துத் தணலில் சுற்றிச் சுடாத விருந்து விருந்தில்லை. மனாங் பெபெங்கிடம் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது, ஜூனில் பேரனின் ஞானஸ்நானத்துக்காக.

"குடுக்கறேன்," என்றாள் அவள். "காசு வேணாம், பன்னியாத்தான் திரும்பி வரணும். இதே எடை. ஜூனுக்குள்ள. குட்டியைக் கொண்டாந்து 'வளரும் மனாங்'னு சொன்னே, உன்னையே கம்பியில கோத்துருவேன்."

"நான் அந்த எடை வரமாட்டேன் மனாங்."

"அதனாலதான் பன்னியைக் கேக்கறேன்."

கிரான்ட் மனைவியோடு வந்தார். நல்ல மனிதர். குனிந்து நிலைப்படியில் இடித்துக்கொண்டு, அதற்கும் சிரித்தார். மனாங் பெபெங் தன் சொந்த சோபாவில் விருந்தாளியாக உட்கார்ந்து, கையால் தடவிப் பார்த்து, "மெத்துனு இருக்கே நெலிதா, எங்க வாங்கினே?" என்று உரக்கக் கேட்டாள். ஜோவி சிரிப்பை அடக்கப் புழக்கடைக்கு ஓட வேண்டியிருந்தது. மேசையில் துவரையும் பலாக்காயும் போட்ட குழம்பு, இறால், வாழையிலையில் கட்டி அவித்த ஒட்டரிசிச் சோறு. நடுவில், வயிற்றில் எலுமிச்சம்புல் அடைத்து, தோல் கண்ணாடியாகப் பொரிந்த பன்றி. தெருவின் முழு மானமும் தேன் நிறத்தில் அங்கே படுத்திருந்தது.

கிரான்ட் எல்லாக் கோணத்திலும் அதைப் படமெடுத்தார். அப்போதுதான் ரெனான்டே, வீட்டுக்காரன் சொல்லியே ஆக வேண்டிய வார்த்தையைச் சொன்னான். அவன் அப்பன் சொன்னது, அந்த ஊரில் எந்த மேசைக்கு முன்னாலும் எந்த வீட்டுக்காரனும் சொல்வது.

"பொறுத்துக்கங்க சார். எங்களால முடிஞ்சது இவ்வளவுதான்."

ஓத்தோன்காரன் எவனும் இதை நம்பமாட்டான். "ஐயோ, இவ்வளவா!" என்று பதறுவான். கிரான்ட் நம்பினார். ஆறுதலாக ரெனான்டேவின் தோளைத் தட்டினார்.

"பரவாயில்லை. இதுவே போதும்."

பன்றியைப் பார்த்து அதைச் சொன்ன மனிதரை ரெனான்டே வியப்போடு பார்த்தான். ஆஸ்திரேலியாவில் எதைச் சாப்பிடுவார்களோ என்று நினைத்துக்கொண்டான்.

போராக்காயிலிருந்து ஊர் திரும்பிய கிரான்ட், குடும்பத்தையெல்லாம் ஒரே திரையில் கூட்டினார். முதலில் அந்தச் சாப்பாட்டுக்கு நன்றி சொன்னார், மனதாரச் சொன்னார். பெர்த்தில் வாழ்க்கைச் செலவு ஏறிவிட்டது, வாடிக்கையாளர்கள் குளத்தை மூடி மண் கொட்டுகிறார்கள் என்று வருந்தினார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"டாலர் ஏறினதுல உங்களுக்கு எதிர்பாராத லாபம். அதை நாம பகிர்ந்துக்கணும். எட்டு இனிமே ஆறு. நீங்க எப்படி வாழறீங்கன்னு நானே கண்ணால பார்த்துட்டேன். உண்மையைச் சொன்னா, என்னைவிட நல்லா வாழறீங்க. எங்க வீட்டுல முழுப் பன்றி சமைச்சதே இல்லை. இங்க என்னடான்னா, இவ்வளவுதான் முடிஞ்சுதுன்னு மன்னிப்புக் கேக்கறாங்க!"

கதவருகே ஹெல்மெட்டோடு நின்ற ரெனான்டேவுக்கு அந்த ஆங்கிலம் முழுதும் புரிந்தது. அவன் ஆங்கிலம் அந்த ஒருநாள் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாம்.

மரியாதை தன்னைத் தாழ்த்திப் பேசுகிறது, கணக்கு அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறது. இரண்டுமே பொய்யில்லை, அதனால் சண்டைபோடவும் வழியில்லை.

இரண்டே மாதத்தில் டாலர் முப்பத்தாறுக்குச் சறுக்கியது. ஜோவி கிரான்டிடம் கேட்டாள். வானிலை மறுபடி வானிலையாகியிருந்தது. ஏறும்போது பங்கு, இறங்கும்போது மழை. சம்பளம் ஆறிலேயே நின்றது. ஷைரா மேவுக்கு அடுத்த பருவத்தில் ஆஸ்பத்திரிப் பயிற்சி. அதற்குத் தனிக் கட்டணம், ஜூலையில் கட்டாவிட்டால் அந்தப் பருவம் போயிற்று. எட்டு டாலரில் அது இருந்தது, ஆறில் இல்லை. இதற்கு நடுவில் ஜூன் வந்தது. ரெனான்டே விடிவதற்கு முன்பே வண்டியை எடுத்து, மீன் கூடைகளும் ஏற்றி, சந்தையில் ஒரு பன்றியை வாங்கி மனாங் பெபெங்கின் முற்றத்தில் கட்டினான். அவள் அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"காது சின்னதா இருக்கே."

"காதையா ஞானஸ்நானத்துக்குப் போடப் போறீங்க?"

ஜோவி நெளிவு சுளிவு தெரிந்தவள். வாடகை அறையில் நின்று, கைப்பேசியை நாலு சுவருக்கும் காட்டி, "உங்களுக்குக் காத்து வீசின விசிறி என்னோடது சார், இன்னும் கடன் முடியலை" என்று கிரான்டிடம் அழுதாள். பாதி உண்மையான அழுகை. அவர் பதறிப்போனார். மறுநாளே அவளுக்கு எட்டு டாலர் திரும்பியது.

"மனாங், அவன் கெட்டவன் இல்லை," என்று அவள் வந்து நெலிதாவிடம் சொன்னாள். "கண்ணுக்கு முன்னால அழறவங்களைத் தாங்கமாட்டான். தூரத்துல அழுதா அவனுக்குக் கேக்காது, அவ்வளவுதான். நான் கொஞ்சம் கோடி காட்டி வச்சிருக்கேன். நாளைக்கு உங்களைக் கூப்பிடுவான். பன்னி இரவல்னு ஒரு வார்த்தை. மூக்கை ஒரு தடவை உறிஞ்சுங்க. முடிஞ்சுது."

"மூக்கை உறிஞ்சறதும் ஒப்பந்தத்துல இருக்கா?" என்றாள் நெலிதா.

ரெனான்டே அன்று கெஞ்சினான்.

"நெலி, தப்பு என்னோடது. நான்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன். நான் சொன்னதாவே சொல்லு. 'என் புருஷன் ஒரு முட்டாள், பன்னியை இரவல் வாங்கிட்டு மன்னிப்பும் கேட்டான்'னு சொல்லு. பாப்பா படிப்பு."

"சாப்பிடு, ஆறிடும்," என்றாள்.

மறுநாள் காலை கிரான்ட் அழைத்தார். ரெனான்டே சவாரியை விட்டுவிட்டு, கணினிக்கு இந்தப் பக்கம், அவர் கண்ணில் படாத இடத்தில் நின்றான். கிரான்டின் முகத்தில் உண்மையாகவே சங்கடம் இருந்தது.

"நெல்லி, ஜோவி சில விஷயம் சொன்னா. சோபா, விசிறி... எனக்குத் தெரியாமப் போச்சு. நேரடியாக் கேக்கறேன், தப்பா நினைக்காதே. அந்தப் பன்றியும் இரவலா? ஆமான்னு சொல்லு. நான் தப்புக் கணக்குப் போட்டுட்டேன்னு அர்த்தம். இந்த வாரத்துலேர்ந்தே எட்டு டாலர்."

நெலிதா ஒருமுறை தலையைத் திருப்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் தலையை வேகமாக மேலும் கீழும் ஆட்டினான். ஊர் வழக்கப்படி உதட்டைக் குவித்து அதாலேயே கணினியைச் சுட்டினான். ஓசையில்லாமல் மூக்கை உறிஞ்சியும் காட்டினான்.

அவள் திரையின் பக்கம் திரும்பினாள்.

"பன்னி எங்களோடதுதான் சார்."

"நிச்சயமா?"

"எங்க பன்னி. நீங்க வர்றீங்கன்னு வெட்டினது. அடுத்த வருஷமும் உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

கிரான்டின் முகத்தில் நிம்மதி பரவியது. தன் கணக்குச் சரிதான் என்று தெரிந்த மனிதனின் நிம்மதி. கட்டாயம் வருவதாகச் சொன்னார். ஷைரா மே அந்தப் பருவம் படிப்பை விட்டுவிட்டு மருந்துக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். ஐந்து மாத ஒப்பந்தம். நெலிதா செய்ததற்கு மானம் என்று பெயர் வைக்கத் தெருவில் ஆள் இருந்தார்கள். மடத்தனம் என்று பெயர் வைக்க ஜோவி இருந்தாள்.

அன்று அழைப்பு முடிந்ததுமே ரெனான்டே கேட்டுவிட்டான். ஏன் நெலி, ஒரு வார்த்தைதானே, ஏன்? அதற்குப் பிறகும் பல தடவை கேட்டான். கோபமாகக் கேட்டான், குடித்துவிட்டுக் கேட்டான், அவள் தலைமுடியைக் கோதிக்கொண்டு மெல்லவும் கேட்டான். முதல் தடவை அவள் ஒரு விரலை உயர்த்தி அவனைப் பொறுக்கச் சொன்னாள். பெர்த்தில் யாருடைய குளமோ பச்சையாகிவிட்டிருந்தது. "நெல்லி பேசுகிறேன்," என்று ஆரம்பித்தாள்.