மஞ்சள் களத்துப் படம்

அருளப்பன் போன செய்தி கொண்டப்பநாயக்கன்பட்டி டீக்கடையில் எனக்குக் கிடைத்தது. சேலத்திலிருந்து வந்த லாரி டிரைவர் சொன்னார்: "ஏனுங்க, உங்ககூட ஸ்டுடியோவுல இருந்தாரே போட்டோக்காரரு, காத்தால போயிட்டாருங்க. டைபாய்டாம்." கையிலிருந்த டீயை நான் கீழே வைக்கவில்லை, குடித்து முடித்தேன். முதலில் வந்தது துக்கமல்ல. இனி இந்த ஜில்லாவில் என்னைவிட நல்ல படம் எடுக்க ஆளில்லை என்ற எண்ணம்தான் வந்தது.

கல்லறையில் மண் போட்டுத் திரும்பும்போது எங்கள் தொழிலில் உள்ள ஒருவர் என் தோளைத் தொட்டார். "நல்ல மனுசன்தானுங்க. ஆனா உங்க மஞ்சக்களத்துப் படமாட்டம் ஒண்ணு எடுக்காமயே போயிட்டாரு" என்றார். அப்போதே சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

சேலம் ஸ்டுடியோவில் நாங்கள் இரண்டு பேர் காமிரா பிடித்தோம். நாமக்கல் பக்கத்துப் பண்ணையக் குடும்பங்கள் பஸ் ஏறி வந்து, நான் சும்மா நிற்கும்போதே, "அருளப்பன் வரட்டுங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். நான் உட்காரவைத்தால் கைகளைக் கட்டைபோல முழங்காலில் வைத்து விறைப்பார்கள். அவரோ ஊரிலிருந்து கொண்டுவந்த பையையோ குடையையோ அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார். கைக்கு வேலை கிடைத்ததும் முகம் இளகிவிடும். நானும் அதைச் செய்து பார்த்தேன். என் படத்தில் குடை மட்டும்தான் நன்றாக விழுந்தது.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. படத்தில் இருப்பவரைக் கேட்காமல் ஒரு பிரதிகூட வெளியே விடமாட்டார். ஒருமுறை முதலாளி, நெசவுக்காரர் ஒருவருடைய மகளின் படத்தைப் பெரிதாக்கிக் கடைவாசல் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். தகப்பனார் வந்து அதைத் தம் துண்டால் மறைத்துக்கொண்டு நின்றார். அருளப்பன் பெட்டியைத் திறந்து படத்தை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டார். காமிராவும் பிலிமும் கண்ணாடியும் என்னுடையவை என்று முதலாளி கத்தினார். "எல்லாம் உங்களுதுதானுங்க. மூஞ்சி அவங்களுது" என்றார் அருளப்பன். அன்று வேலை போயிருக்க வேண்டும். வாடிக்கைக்காரர்கள் காத்திருப்பது அவருக்காக என்பதால் போகவில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

இனி அந்தப் படம். நாமகிரிப்பேட்டையில் ஒரு பண்ணையத்துக் கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போன அருளப்பன், பக்கத்துக் களத்தில் மஞ்சள் வேகவைப்பதைப் பார்க்கப் போயிருக்கிறார். கொப்பரை ஆவிக்கு நடுவே ஒரு கூலிக்காரப் பெண் குனிந்து இரண்டு கைகளையும் குவித்து நிற்கிறாள். தொட்டுவிடாத உயரத்திலிருந்து ஒரு சொம்பு அவள் கையில் தண்ணீரை ஊற்றுகிறது. ஊற்றுபவரின் முகம் படத்தில் இல்லை. மோதிரம் போட்ட மணிக்கட்டு மட்டும் இருக்கிறது. அப்படி ஊற்றும் கைகள் உள்ள வீட்டில் பிறந்தவன் நான். தினமும் பார்த்த எனக்கு அந்தப் படம் வரவில்லை. ஒரு நாள் போன அவருக்கு வந்தது.

யாருக்கும் காட்ட வேண்டாம், தெரிந்தால் வேலை போய்விடும் என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். அவரும் சரி என்றிருக்கிறார். இருட்டறைத் தட்டில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பு எரிந்தது. இந்த அநியாயத்தை ஊரே பார்க்க வேண்டாமா என்று சண்டை போட்டேன். கோபம் பொய்யல்ல. ஆனால் அதற்குள் வேறொன்று ஒளிந்திருந்தது. அவர் இல்லாத நேரத்தில் ஒரு பிரதி போட்டு, என் பெயரில் சென்னை வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அரைப் பக்கத்தில் வந்தது. மணியார்டர் வரவில்லை, பாராட்டுக் கடிதங்கள் வந்தன.

புதுச்சத்திரம் சலூனில் அந்தப் பக்கத்தைப் பார்த்த பண்ணையக்காரர் தன் மோதிரத்தை அடையாளம் கண்டுகொண்டார். மறுநாளே அந்தப் பெண்ணைக் களத்தில் ஏற்றவில்லை. அருளப்பன்தான் அவளைச் சேலத்துக்கு அழைத்துவந்து, தம் பங்குக்கோயில் விடுதிச் சமையலறையில் சேர்த்துவிட்டார். ஏன் இப்படிச் செய்தாய் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அடுத்த வருஷம் ஒரு மஞ்சள்தூள் வியாபாரி அதே படத்தைக் காலண்டராகப் போட்டார். அவளுக்குச் சிவப்பு நிறமும் கம்மலும் வந்துவிட்டன. சொம்பிலிருந்து விழும் தண்ணீருக்கு மஞ்சள் வர்ணம் அடித்துத் தூளாக்கியிருந்தார்கள். என்னைக் கேட்காமல் என் படத்தைப் போடுவதா என்று வக்கீலிடம் ஓடினேன். பதிப்புரிமைச் சட்டம் புதிதாக வந்திருந்த சமயம். வக்கீல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நெகட்டிவ் எங்கே?"

வெட்கத்தை விட்டு அருளப்பனிடம் போனேன். அவர் வெகுநேரம் சிரித்தார். "திருடு போயிருச்சா பழனிச்சாமி? இரு, நானும் வாரேன்" என்று நெகட்டிவை எடுத்துக்கொண்டார். வக்கீல் வீட்டுக்குப் போவதாக நினைத்து நடந்தேன். விடுதிச் சமையலறைக்குக் கூட்டிப்போய், "இது உங்களுதுங்க" என்று அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நெகட்டிவில் கறுப்பெல்லாம் வெளுப்பாகத் தெரிந்தது. "என்னைய வெள்ளைக்காரியாக்கிப்புட்டீங்களே சாமி" என்று சிரித்தாள். பிறகு அடுப்பில் போட்டாள். அது ஒரு நொடியில் சுருண்டு போயிற்று. என்னால் வக்கீலிடம் திரும்பிப் போக முடியவில்லை.

அந்தப் படம் தம்முடையது என்று அருளப்பன் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. நான் மாலை வாங்கிய கூட்டத்துக்கும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரால் அது எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அவர் எடுத்த படங்களைவிட அந்த மௌனத்தின் மேல்தான் எனக்கு அதிகப் பொறாமை. அந்தப் பொறாமை என்னிடமே இருக்கும். அவருடைய ஒரு வழக்கத்தையும் எடுத்துக்கொண்டேன், இந்தத் தடவை திருடாமல்.

இதை எழுதுவதற்கு முன்னால் விடுதிக்குப் போய் அந்த அம்மாளிடம் எழுதலாமா என்று கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. "எம்பேரு வேண்டாஞ் சாமி" என்றார். களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, "அவரு பேரப் போடுங்க" என்றார்.

போட்டுவிட்டேன்.