மூடி டீச்சரும் குழப்பியும்

நடந்துகொண்டே இருப்பவர் சட்டென்று குனிவார். பின்னால் வருகிறவர் மோதாமல் தப்பித்தால் அது அவருடைய அதிர்ஷ்டம். நிமிரும்போது டீச்சரின் விரல்களுக்கு நடுவே ஒரு பாட்டில் மூடி இருக்கும். விளிம்பைத் தடவி, வெடிப்பு இல்லை என்று தெரிந்தபின் கைப்பையின் பக்கவாட்டு அறையில் போட்டுக்கொள்வார். பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கூட வாசலுக்குள் நான்கைந்து தேறும். மழை பெய்த மறுநாள் என்றால் பத்துக்குக் குறையாது. "தண்ணியே இழுத்துட்டு வந்து குடுத்துடும் சார். நமக்குக் குனியிற வேலை மட்டும்தான்."

குழந்தைகள், பெற்றோர், எதிர்க்கடைக்காரர் என்று எல்லாருக்கும் அவர் மூடி டீச்சர். ஒன்றாம் வகுப்பு. நான் அடுத்த அறையில் இரண்டாம் வகுப்பு. சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நடுவே இருப்பது ஒரு பலகைத் தடுப்புதான். அவர் பாடம் நடத்தினால் என் வகுப்பும் கேட்கும். சில நாள் நானும் கேட்பேன்.

பொறுக்கிய மூடிகளைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி, பழைய துண்டில் உலர்த்தி, நிறம் பிரித்துப் பால்மாவு டப்பாக்களில் போட்டு வைப்பார். முட்டை அட்டையைப் பத்துக் குழி வருகிற மாதிரி வெட்டியிருக்கிறார். குழிக்கு ஒரு மூடி, நிரம்பினால் பத்து. அறைக்குக் குறுக்கே துணிக்கொடி கட்டி, எழுத்து அட்டைகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார். 'க' வேண்டுமென்றால் குழந்தை எழுந்து போய்ப் பறித்துக்கொண்டு வரவேண்டும். "உக்காந்த இடத்துல படிப்பு ஏறாது சார். எந்திரிச்சு நாலு நடை நடந்தா வயிறும் பசிக்கும், மண்டையும் பசிக்கும்."

அவர் கணவர் குழாய் பழுதுபார்ப்பவர். ஒருநாள் மனைவியைக் கூட்டிப்போக வந்தவர் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்டுல எந்த பாட்டிலுக்கும் மூடி கிடையாது சார். எங்கம்மாவோட தலை எண்ணெய்க்குத் துணியைச் சுருட்டி அடைச்சிருக்கோம்." டீச்சர் அசரவில்லை. "உங்கம்மாவுக்கு மூடி இல்லாட்டி எண்ணெய்தான் சிந்தும். எம் புள்ளைங்களுக்குக் கணக்கே சிந்திடும்," என்று வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அதே கணவரின் ஜோடி தொலைந்த பழுப்புக் காலுறைதான் குழப்பி. இரண்டு சட்டைப் பொத்தான் கண்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. டீச்சர் அதை வலது கையில் மாட்டிக்கொண்டு தொண்டையைக் கட்டைக்குரலாக்கினால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். குழப்பிக்கு ஒன்றும் சரியாக வராது. ஐந்து மூடியை எண்ணி ஒன்பது என்பான். "ஐயோ குழப்பி, தப்பு!" என்று இருபத்தாறு குழந்தைகளும் கத்துவார்கள். டீச்சர் கேட்டால் வாயைத் திறக்காத குழந்தைகூட குழப்பியைத் திருத்த எழுந்து நிற்கும். தன்னைவிட மட்டமான ஒருத்தன் வகுப்பில் இருக்கிறான் என்பது எவ்வளவு பெரிய தைரியம்! எனக்கு அப்படி ஒருத்தன் கிடைத்திருந்தால் கல்லூரியில் முதல் வருஷம் முழுக்க வாய்மூடி உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அவருடைய பெரிய பெருமை எண் அட்டைகள். ஒன்று மஞ்சள், இரண்டு பச்சை, மூன்று சிவப்பு, நான்கு நீலம், ஐந்து ஊதா. பத்து வரைக்கும் எண்ணுக்கு ஒரு நிறம், பதினோரு வருடமாக. "குழந்தைக்கு மொதல்ல கண்ணு, அப்புறம்தான் காது," என்பார். அவர் அட்டையைத் தூக்கிக் காட்ட, குழந்தைகள் பட்பட்டென்று சொல்வார்கள். எல்லாருக்கும் முன்னால் ஒரு குரல் வரும். அந்தப் பெண்ணுக்குப் பெயரே பட்டாசு.

போன மாதம் அச்சடித்த தேர்வுத் தாள்கள் வந்தன. வகுப்பாசிரியர் தன் வகுப்பைத் தானே சோதிக்கக்கூடாது என்பதால் ஒன்றாம் வகுப்பு என் தலையில் விழுந்தது. பெரும்பாலோர் கொஞ்சம் தடுமாறி, பிறகு சமாளித்துக்கொண்டார்கள். பட்டாசு மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள். ஐந்தைக் காட்டினேன். உதட்டைக் கடித்தாள். பயம்தான் என்று நினைத்து, டீச்சரின் சிவப்பு மூன்று அட்டையை எடுத்துக் காட்டினேன். "மூணு!" என்றாள், நான் முழுதாகத் திருப்புவதற்குள்.

எனக்கு என்னவோ உறைத்தது. சிவப்புப் பென்சிலை எடுத்து, ஒரு காகிதத்தில் பெரிதாக எட்டு எழுதினேன்.

"மூணு!"

தேர்வுத் தாள் முழுக்கக் கறுப்பு மை.

டீச்சரிடம் சொன்னபோது அவர் டப்பாவில் மூடி போட்டுக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் நின்றது. "அப்ப இவ எண்ணைப் பாக்கவே இல்லையா? கலரைத்தான் பாத்தாளா?" பிறகு, "பதினோரு வருஷமா மத்த புள்ளைங்க எப்படி சார் தேறுச்சு?" பதிலையும் அவரே தேடினார். "வீட்டுல கேலண்டரைக் காட்டி, போனைக் காட்டி யாராவது சொல்லியிருப்பாங்களோ? அப்ப நான் என்னத்தச் சொல்லிக் குடுத்தேன்?"

பட்டாசின் வீட்டில் அப்படி உட்கார்ந்து காட்டுகிற ஆள் இல்லை. என் வீட்டிலும் இருந்ததில்லை. என் அப்பா பேருந்தை நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார், ஒருநாளும் தவறியதில்லை. எல்லா வண்டிக்கும் ஒரே சாயம் அடித்த அன்று, யாரையும் கேட்கக் கூச்சப்பட்டு, அரைநாள் நிறுத்தத்திலேயே நின்றிருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரிந்திருந்ததா, தெரியாமல் இருந்ததா? இத்தனை நாள் இந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

தேறாதவர்களுக்கு இரண்டு வாரம் கழித்து ஒரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் இன்னொரு வருடம் ஒன்றாம் வகுப்பு. "ஒரு வருஷம் கூட இருந்தா என்ன, குடியா முழுகிடும்?" என்றார் தலைமையாசிரியை. முழுகும் என்று பட்டாசின் அம்மா வந்து சொன்னார். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர். ஒன்றாம் வகுப்பு பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிடும். கூட்டிப்போகிற பக்கத்து வீட்டு அக்கா வீடு மாறிப் போகிறார். இரண்டாம் வகுப்புக்குப் போனால் மூன்று மணிக்கு அண்ணனோடு சேர்ந்து வந்துவிடுவாள். "அடுத்த வருஷமும் பன்னெண்டு மணின்னா நான் வேலையை விடணும் டீச்சர். வேற வழி இல்ல." டீச்சர் தலையாட்டினார். எதற்குத் தலையாட்டினோம் என்று தெரியாதவர் மாதிரி மறுபடியும் ஆட்டினார்.

மறுநாள் எல்லா அட்டைகளிலும் எண்ணின் மேல் கறுப்புச் சாயம். டப்பாக்களை ஒரு வாளியில் கவிழ்த்து மூடிகளை ஒன்றாகக் கலக்கிவிட்டார். ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே கை தானாக வாளிக்குள் போய்ச் சிவப்பைத் தனியே பொறுக்கும். திடுக்கிட்டுத் திரும்பப் போடுவார். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப்பார்த்துக் கேட்பார். "புது சார், நீங்க காலேஜ்ல படிச்சீங்களே, இந்த மாதிரி ஆகுறதுக்கு என்னமோ பேர் இருக்குமே?" இருந்தது. பரீட்சையில் அதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். பேர் மட்டும் ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இரண்டாம் வாய்ப்பு என் வகுப்பறையில், மற்ற பிள்ளைகள் போன பிறகு. ஜன்னலுக்கு வெளியே பட்டாசின் அம்மா நின்றிருந்தார். வகுப்பாசிரியர் கூட இருக்கலாம், பேசக்கூடாது. மேஜைமேல் மூடி வாளி. நான் கறுப்பு மூன்றைக் காட்டினேன். பட்டாசு உதட்டைக் கடித்தாள்.

"நான் பேசல சார்," என்றார் டீச்சர். "குழப்பி பேசலாமில்ல?"

விதியில் காலுறையைப் பற்றி ஒன்றும் இல்லை. நான் தலையாட்டினேன்.

பழுப்புத் தலை மேஜை விளிம்புக்கு மேலே எழுந்து அட்டையை உற்றுப் பார்த்தது. "ம்ம்... இது ஏழு!" என்றது கட்டைக்குரல்.

"ஐயோ குழப்பி, தப்பு!" பட்டாசு எழுந்தே நின்றுவிட்டாள். "இது சிவப்பு!"

வெள்ளை அட்டை. கறுப்பு மை.

"சிவப்பா?" என்றேன்.

"ஆமா சார்."

"அப்படின்னா வாளியிலேருந்து அத்தனை மூடி எடு பாப்போம்."

யோசிக்கவே இல்லை. ஒரு நீலம், ஒரு வெள்ளை, ஒரு பச்சை. மூன்றையும் வரிசையாக வைத்தாள். கறுப்பு ஐந்தைக் காட்டினேன். "ஊதா," என்றாள், கைக்கு வந்த ஐந்து மூடிகளை எடுத்து வைத்தாள். ஒன்றுகூட ஊதா இல்லை. நிறத்தின் பேரே அவளுக்கு எண்ணின் பேராகிவிட்டிருந்தது.

தாளில் ஒரே வரி: எண்ணைப் படிக்கிறார் — ஆம், இல்லை. இரண்டு கட்டம். மூன்றாவது கட்டம் இருக்கிறதா என்று தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தேன்.

டீச்சர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "இப்ப இவளுக்குத் தெரியுதா சார், தெரியலையா?" என்னைச் சோதிக்கிற கேள்வி இல்லை அது. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. எனக்கும்தான். எதை 'படிப்பது' என்று சொல்கிறோம்? அந்த வடிவத்தைப் பார்த்து அத்தனை மூடி எடுப்பதையா, அதற்கு ஊர் வைத்த பேரைச் சொல்வதையா?

'ஆம்' கட்டத்தில், வேண்டுமானால் அழித்துவிடுகிற அழுத்தத்தில், பென்சிலால் ஒரு டிக் போட்டேன். கீழே வகுப்பாசிரியர் கையெழுத்து. அது பேனாவில்தான் இருக்கவேண்டும். தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினேன்.

டீச்சர் தாளைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மூன்று மூடியையும் ஐந்து மூடியையும் பார்த்தார். பிறகு வலது கையிலிருந்து காலுறையைக் கழற்றாமலே, குழப்பியின் வாயில் பேனாவைக் கவ்வக் கொடுத்து, கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.