முதலில் குடித்தவர்

ஆண்டு விழாவுக்குச் சபையின் சரித்திரத்தை எழுதித் தரச் சொன்னபோதே நான் முடியாது என்றிருக்க வேண்டும். தமிழ் டீச்சர் என்றால் இளிச்சவாய் என்று நினைப்பு. ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் பிரஸ்பிட்டேரியன் மிஷனரிகள் கட்டிவிட்டுப் போன சின்னக் கோயில் அது. மிஷனரி வந்தார், மணி வந்தது, ஓடு போய்க் கான்கிரீட் வந்தது என்று எழுதினால் அவர்களுக்குப் போதும். நான் அப்பாவையும் எழுதினேன்.

அப்பா மாநகராட்சியில் குப்பை லாரி ஓட்டியவர். ஸ்ரீராம்புரத்திலிருந்து கோயிலுக்கு வருவார். அந்தக் காலத்தில் பங்களாக் குடும்பங்களுக்குப் பெஞ்சு. எங்களைப் போன்றவர்களுக்குக் கதவோரம் பாய், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. சாதி என்று யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். கிறிஸ்தவர்களாயிற்றே! திருவிருந்தில் திராட்சரசம் குடிக்க எல்லோருக்கும் ஒரே பாத்திரம்தான். ஆனால் அது பெஞ்சுகளையெல்லாம் சுற்றி முடித்த பிறகுதான் பாய்க்கு வரும்.

புதிதாக வந்த போதகருக்கு இது தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதவருகே இருந்த அப்பாவிடம் பாத்திரத்தை முதலில் கொடுத்துவிட்டார். அப்பா குடித்தார். பிறகு அது பெஞ்சுகளுக்குப் போனது. முதல் ஆள் தொண்டை வலி என்று பக்கத்தில் நகர்த்தினார். பக்கத்து ஆளுக்கும் தொண்டை வலி. அன்று மொத்தப் பெஞ்சுக்கும் தொண்டை வலி. வெட்கங்கெட்ட ஜனங்கள்! நான் அப்போது கைக்குழந்தை. எல்லாம் அப்பா சொல்லித்தான் தெரியும்.

அதோடு அப்பா கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். அம்மா மட்டும் என்னைத் தூக்கிக்கொண்டு போனாள். அப்பாவை அடக்கம் செய்த அன்று வேறொரு போதகர், ‘விசுவாசத்தில் பின்வாங்கிப்போன சகோதரன்’ என்று ஜெபித்தார். அம்மா பெட்டியின் பக்கத்தில் நின்று அதையும் கேட்டுக்கொண்டாள். அந்தப் பேச்சு பொய் என்று அம்மா உயிரோடு இருக்கும்போதே, அவள் காதுபட, அதே சபையில் சொல்லப்பட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சபைச் செயலர் நான் எழுதியதைப் படித்துவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“அக்கா, எல்லாம் சூப்பரா இருக்கு. இந்த ஒரு பாரா மட்டும் எடுத்துடலாமா? ஃபங்ஷனுக்கு கெஸ்ட்டெல்லாம் வர்றாங்க. சும்மா கலாட்டா ஆயிடும்.”

“ஆகட்டுமே.”

“பழசக் கிளறி இன்னா பண்ணப் போறோம்? இப்ப நீங்கல்லாம் பெஞ்சுலதானே உக்கார்றீங்க?”

அந்த ‘நீங்கல்லாம்’ என்ற சொல்லுக்கே அவரை வெளியே அனுப்பியிருக்கலாம். காபி கொடுத்து அனுப்பினேன். என் மேலேயே எனக்கு எரிச்சல்.

விழாவன்று சரித்திரத்தை அவரே வாசித்தார். அப்பா இல்லை. அந்த இடத்தில், ‘ஒரே பாத்திரத்தில் பருகிய ஒரே குடும்பம்’ என்று சொந்தச் சரக்கு ஒன்றைச் சேர்த்திருந்தார். கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றேன்.

“குப்ப லாரி ஓட்டுறவர் வாய் பட்டுச்சுன்னு ஒரு பெஞ்சு முழுக்க குடிக்காம தள்ளுனீங்களே, அதையும் வாசிங்க! எங்கப்பா பின்வாங்கல. நீங்கதான் தொரத்துனீங்க!”

யாரோ சைகை காட்ட, அவசர அவசரமாக ஆர்கனில் கீர்த்தனை தொடங்கியது. அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். பாராட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“போதும்டி,” என்றாள். “அன்னைக்கு பாத்திரம் கடைசியா பொம்பளைங்க பாய்க்கு வந்துச்சு. நானும் குடிக்கல.”

“ஏம்மா?”

“அத்தினி பேரும் என்னையே பாத்துனு இருந்தாங்க. பயந்துட்டேன். உங்கப்பாவும் பாத்துனு இருந்தாரு.”

இந்தக் கதையை அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் பெஞ்சுக்காரர்களைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டுவார். பெண்கள் பாய்க்குப் பாத்திரம் வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.