பன்னிரண்டு பேர் வருகினம்

நான் வாழும் வெளிநாட்டு நகரமான துரொண்ட்ஹைமில் ‘ஓம்’ என்பதற்கு, அதாவது ஆம் என்பதற்கு, பலர் சொல் எதையும் சொல்வதில்லை. மூச்சை ஒருதரம் சட்டென்று உள்ளே இழுப்பார்கள், அவ்வளவுதான். வந்த புதிதில் பஸ்ஸில் ஒரு மனுசியின் பக்கத்து இருக்கையைக் காட்டி ‘இருக்கலாமா’ என்று கேட்டேன். அவர் மூச்சை இழுத்தார். திடுக்கிட்டுவிட்டாராக்கும் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்டு, வேலையிடம் வரைக்கும் நின்றுகொண்டே போனேன். இப்போது நானும் அப்படித்தான் மூச்சை இழுக்கிறேன். கைபேசி வந்த பிறகு அந்த மூச்சும் தேவையில்லை. ஒரு கட்டைவிரல் படம் போதும்.

போன வருடம் கிணற்றுநீர் பற்றிய மாநாடு ஒன்று யாழ்ப்பாணத்தில் நடந்தது. நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள் என்பதால் என்னையும் அனுப்பினார்கள். பதினாறு வருடத்துக்குப் பிறகு ஊர் மண்ணை மிதித்தேன், அதுவும் ஹோட்டல் வாகனத்திலிருந்து இறங்கி. முதல் நாளே மாலைப் பொழுதுகளுக்கென்று ஒரு வாட்ஸப் குழு தொடங்கிவிட்டார்கள். யார் ஐஸ்கிறீம் குடிக்கப் போகிறார்கள், யார் கோட்டை பார்க்கப் போகிறார்கள் என்று பகல் முழுக்கச் செய்திகள் விழுந்துகொண்டிருந்தன. என்னோடு வந்த இங்கர், கடலேரியில் படகில் போக ஒழுங்கு செய்ய முடியுமா என்று அதில் கேட்டாள். நான் யோசிக்காமல் எழுதினேன்: “கொழும்புத்துறையில் எனக்கு ஒரு படகுக்காரரைத் தெரியும்.” பத்து நிமிடத்துக்குள் பன்னிரண்டு கட்டைவிரல்கள்.

அந்தப் படகுக்காரர் என் கூடப்பிறந்த தாசன் அண்ணை. அவர் என்னோடு கதைத்து ஆறு வருடமாகியிருந்தது. அம்மா செத்தபோது என் குடியுரிமை விண்ணப்பம் முடிந்திருக்கவில்லை. ஊருக்குப் போனால் எல்லாம் கெட்டுவிடும் என்று வழக்கறிஞர் சொன்னார். அதை வீட்டுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடும்பக் குழுவில் “வாறன், அம்மாவை வைச்சிருங்கோ” என்று எழுதினேன். அடுத்த நாளும் எழுதினேன். அதற்கு அடுத்த நாளும். எங்கள் ஊரில் வீட்டைவிட்டுப் போகிறவரும் ‘வாறன்’ என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். நான் எந்த ‘வாறனை’ எழுதினேன் என்று எனக்கே அப்போது தெரியாது. நாலாம் நாள் பங்குச் சுவாமியார் வந்து, இனி உடலை வைத்திருக்க முடியாதென்றார். சவப்பெட்டி குழிக்குள் இறங்குவதை நான் சமையலறை மேசையில் கைபேசியைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். அன்று பின்னேரம் தாசன் அண்ணை குழுவிலிருந்து வெளியேறினார் என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது.

மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி றீற்றா, மட்டும் என்னோடு தொடர்பை விடவில்லை. அவளைத்தான் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கைபேசியை அண்ணையிடம் கொடுத்துவிட்டாள். முதலில் அவருடைய மூச்சுச் சத்தம் கேட்டது.

“எத்தினை பேர்?”

“பன்னிரண்டு, அண்ணை.”

“வருவினமோ?”

“ஓம். எல்லாரும் ஓம் எண்டவை.”

மறுநாள் நாலு மணிக்கு ஓட்டோவில் முன்கூட்டியே போய் இறங்கினேன். இரண்டு வள்ளங்கள் கழுவித் துடைத்துக் கரையில் நின்றன. ஒன்று அவருடையது, மற்றது இரவல். வேலியில் பன்னிரண்டு லைஃப் ஜக்கெற்றுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். வெளிநாட்டுக்காரர் அது இல்லாமல் ஏறமாட்டினம் என்று யாரோ சொல்ல, மீனவர் சங்கத்தில் கேட்டு வாங்கி, கறை போகத் தோய்த்துக் காயவிட்டிருக்கிறார். அன்று கடலுக்குப் போகவில்லை. மச்சாள் பெரிய சட்டியில் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சியிருந்தாள். நண்டு, இறால், மீன்தலை எல்லாம் போட்டது. அண்ணை வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலையை வாரி இழுத்து நின்றார். என்னைப் பார்த்து, “வா” என்றார். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்த ஒரு சொல்லுக்கே எனக்குக் கண் முட்டிவிட்டது.

அப்போதுதான் கைபேசி அதிர்ந்தது. வெயில் தாங்க முடியவில்லை, ஹோட்டல் மொட்டைமாடியில் இருப்போமா என்று குழுவில் யாரோ கேட்டிருந்தார். கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியாக இங்கருடையதும் வந்தது.

“என்னவாம்?” என்றார் அண்ணை.

“வரேல்லையாம்.”

“ஒருத்தருமோ?”

“ஒருத்தரும்.”

“என்ன எழுதியிருக்கினம்? வாசி.”

மாற்றி வாசித்திருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தபடி இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை. “மன்னிக்கட்டாம். இன்னொரு நாளைக்குப் பாப்பமாம். படகுக்காரருக்கு நன்றி சொல்லட்டாம்.”

“நான் ஆர் எண்டு அவையளுக்குச் சொன்னனியோ?”

ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் என்னையே கேட்கிறேன். வெட்கமா? எனக்கு இங்கே ஒரு அண்ணை இருக்கிறார் என்று சொல்லும் உரிமை போய்விட்டது என்ற எண்ணமா? இரண்டும்தான் போலிருக்கிறது.

“அம்மாவை நாலு நாள் வைச்சிருந்தனாங்கள்,” என்றார். குரல் உயரவில்லை. “கோபத்திலை சொல்லேல்லை. ஏலாது எண்டு ஒரு சொல்லு எழுதியிருந்தால் ரண்டாம் நாளே மனுசியை நிம்மதியா மண்ணுக்கை விட்டிருப்பன். அதை எழுத உனக்கு என்ன கஷ்டம்?”

“பயம், அண்ணை.”

“ஆருக்கு? எனக்கோ?”

அவர் ஜக்கெற்றுகளை வேலியிலிருந்து கழற்றிச் சைக்கிளில் கட்டினார். ஒரு நடையில் கொண்டுபோக முடியவில்லை. இரண்டாம் நடைக்கு வந்தபோதும் என் பக்கம் திரும்பவில்லை. அதன் பிறகு நான் அங்கிருந்து புறப்படும் வரைக்கும் அவர் வீட்டுக்கு வரவில்லை.

கூழ் ஆறினால் இறுகிவிடும். மச்சாள் சின்னச் சட்டிகளில் வார்க்கத் தொடங்கினாள். “பிடி, அயலுக்குக் குடுப்பம்,” என்றாள். அவளுடைய றப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. றீற்றாவுக்கு உதவிக்கு வந்த ஆரோ என்று நினைத்து வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கொஞ்ச நேரம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது.

கடைசி வீடு, அண்ணை வீட்டு வேலியை ஒட்டியது, பிலோமினா அக்காவுடையது. நான் படலையைத் திறக்க முன்னமே அவர் வேலிக்கு மேலால் எட்டிக் கேட்டார்.

“எடி றீற்றா, வெளிநாட்டுச் சனம் வருகுது எண்டனி. வந்தவையோ?”

மச்சாள் தன் முற்றத்தில் சட்டிகளைக் கழுவிக்கொண்டு நின்றாள். நிமிரவில்லை. மானத்தைக் காப்பாற்றச் சொன்னாளோ, மனதில் இருந்ததைத்தான் சொன்னாளோ, தெரியாது.

“ஓம் அக்கா. ஒராள் வந்தது,” என்றாள். “உதிலைதான் நிக்குது.”

பிலோமினா அக்கா திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் இரண்டு கைகளிலும் எங்கள் வீட்டுச் சட்டி சுட்டுக்கொண்டிருந்தது. உள்ளே போவதா, வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்புவதா என்று தெரியாமல் படலைக்கு நடுவில் நின்றேன்.